அட்டை இல்லாத ரபி நாவல், எது இது?

ஹாரி கெமல்மனின் ரபி (யூத மதகுரு) டேவிட் ஸ்மால் துப்பறியும் நாவல்களைப் படித்தவர்கள் இங்கே இருந்தால் கொஞ்சம் கவனியுங்கள். பழைய புத்தகக் கடையில் அந்த வரிசையில் ஒன்று கிடைத்தது. அட்டை, தலைப்புப் பக்கம், பதிப்பு விவரம் எதுவும் இல்லை. கடைசிப் பக்கங்களும் போய், முதுகில் காய்ந்த பசைதான் மிச்சம். கொலை செய்தது யார் என்று தெரியாமல் மண்டை காய்கிறது.

படித்தவரை கதை இது: மாசசூசெட்ஸில் பார்னர்ட்ஸ் கிராசிங் ஊர் ரபி, சபையில் விடுப்பு வாங்கிக்கொண்டு ஜெருசலேமில் தங்குகிறார். கூடவே மனைவி மிரியம், சின்னப் பையன் ஜோனதன். மிரியமின் உறவுக்காரரான கிட்டல் ஆன்ட்டியும் வருகிறார் (எனக்குப் பிடித்த ஆள் அவர்தான்). வெடிகுண்டில் ஒருவர் சாகிறார். ரபி துப்பாக்கி, தடயம் என்று அலைவதில்லை. தல்மூத் (யூதச் சமயச் சட்ட விவாத நூல்) பாடம் போல வாதத்தைப் பிரித்துப் பிரித்துப் பார்க்கிறார்.

கடைக்காரரிடம் வேறு பிரதி இல்லை. நூலகத்தில் 1964இல் வந்த முதல் நாவல், அதுதான் மர்மக் கதைகளுக்கான எட்கர் விருது வாங்கியது, அது மட்டும் இருக்கிறது. இணையத்தில் தேடியதில், ஜெருசலேமில் நடப்பவை இரண்டு என்று தெரிந்தது: 1972இல் வந்த 'மண்டே த ரபி டுக் ஆஃப்', அப்புறம் 1987இல் வந்த ஒன்று. மாதிரிப் பக்கங்கள் முதல் அத்தியாயத்தோடு நின்றுவிடுகின்றன. பையனின் வயதை வைத்துப் பார்த்தால் முந்தையது என்றுதான் தோன்றுகிறது. தப்பானதற்குப் பணம் கட்ட மனமில்லை.

கிட்டல் ஆன்ட்டியும் வெடிகுண்டும் வருவது 1972 நாவலிலா, 1987 நாவலிலா?