லாஸ் வேகாஸ் ஸ்பியர் அரங்கைச் சிக்கனமாகப் பார்க்க வழியுண்டா?

கேள்வி:
அலுவல் நிமித்தம் அடுத்த மாதம் லாஸ் வேகாஸ் செல்லும் நான், 2023 செப்டம்பரில் திறக்கப்பட்ட, கோள வடிவிலான ஸ்பியர் அரங்கின் உள்ளே ஒரு முறையேனும் அமர்ந்து பார்க்க விரும்புகிறேன். ஆனால் இசைக் கச்சேரிச் சீட்டின் விலை எனக்குக் கட்டுப்படியாகவில்லை. வேறு வழியுண்டா?

மறுமொழி 1:
கச்சேரியை விட்டுவிடுங்கள். அங்கே திரையிடப்படும் படக்காட்சிக்குச் சீட்டு பெரும்பாலும் மலிவு. தலைக்கு மேல் வளைந்து செல்லும் 1,60,000 சதுர அடித் திரையோ அதேதான். வார நாளைத் தேர்ந்தெடுங்கள். முதலில் காட்டும் விலையை நம்பாமல், கட்டணமும் வரியும் சேர்ந்த இறுதித் தொகையைப் பார்த்த பிறகே முடிவெடுங்கள்.

மறுமொழி 2:
இருக்கையிலும் கவனம் தேவை. கீழ்த்தளத்து 100ஆம் பிரிவுகளின் பின்வரிசைகளில், மேல்தளம் தாழ்வாரம்போல் நீண்டு திரையின் உச்சியை மறைத்துவிடும். நான் 400ஆம் பிரிவில் அமர்ந்தேன்; படிகள் அவ்வளவு செங்குத்தானவை என்பதால் கைப்பிடியைப் பற்றியபடியே இறங்கினேன் (உயரத்துக்கு அஞ்சுபவர்கள் யோசிக்கவும்), ஆயினும் திரை முழுவதும் கண்ணுக்குள் அடங்கியது.

மறுமொழி 3:
வெளிப்புறக் காட்சிக்குக் காசே வேண்டாம். ஏறத்தாழ 12 லட்சம் விளக்கு வட்டுகள் பதித்த அந்தக் கோளம், அருகில் நின்றால் வெறும் ஒளிப்புள்ளிகளாகத்தான் தெரியும். இருட்டிய பின் சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். வெனீஷியன் விடுதியிலிருந்து நடைபாலம் இருப்பதால் டாக்ஸிச் செலவும் மிச்சம்.

கேட்டவர்:
மிக்க நன்றி. செவ்வாய்க்கிழமைக்கு, 400ஆம் பிரிவிலேயே பதிவுசெய்கிறேன்.