சிறுகதை வந்தது, நாவல் மட்டும் வெள்ளைப் பக்கம்

சின்ன அச்சகம் ஒன்றுக்கு மெய்ப்புப் பார்க்கும் மென்பொருள் எழுதிக் கொடுத்திருந்தேன். இடப்பக்கம் தட்டச்சு செய்த பிரதி. வலப்பக்கம் அது புத்தகத்தில் எப்படி வரும் என்று காட்டும் பிரவுசர் விட்ஜெட், அதாவது மென்பொருளுக்குள்ளேயே வலைப்பக்கம் காட்டும் பெட்டி. மென்பொருளுக்குத் திரை அமைக்க உதவும் க்யூட்டி என்ற கருவித்தொகுப்பில் வருவது அது. முதலில் அதற்குள் ஓடியது வெப்கிட் என்ற பிரவுசர் எஞ்சின். 2016இல் வந்த 5.6 பதிப்போடு வெப்கிட்டை க்யூட்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதனால், கூகுள் குரோமுக்கு அடிப்படையான குரோமியத்தை உள்ளே வைத்திருக்கும் வெப்எஞ்சினுக்கு மாறினேன்.

நான் பயந்ததெல்லாம் வேறு விஷயத்துக்கு. வெப்கிட்டில் ஜாவாஸ்கிரிப்டிடம் ஒன்று கேட்டால் அந்த வரியிலேயே பதில் கிடைத்துவிடும். வெப்எஞ்சினில் பக்கம் தனி பிராசஸில் ஓடுகிறது. கேட்டுவிட்டு, பதில் வரும்போது வாங்கிக்கொள்ள ஒரு கால்பேக் (பிறகு அழைக்கப்படும் ஃபங்ஷன்) வைக்க வேண்டும். எந்த வரியில் கிளிக் செய்தார்கள் என்பதை இடப்பக்கத்துக்குச் சொல்லும் பகுதி முழுவதையும், பக்கமும் மென்பொருளும் பேசிக்கொள்ள க்யூட்டி தரும் வெப்சேனல் வழியாகத் திரும்ப எழுதினேன். பத்து நாள் ஆனது. அது இன்றுவரை ஒழுங்காக ஓடுகிறது.

புதிய பதிப்பைக் கொடுத்த மறுநாள், மெய்ப்புப் பார்க்கும் ஐயா போன் செய்தார். ஓய்வு பெற்ற தமிழாசிரியர். “தம்பி, சிறுகதை எல்லாம் வருது. நாவலைத் திறந்தா வெள்ளையா நிக்குது” என்றார். பிழைச் செய்தி எதுவும் இல்லை, மென்பொருள் மூடவும் இல்லை. வெறும் வெள்ளை.

நாவலை வாங்கி என் கணினியில் திறந்தேன். அங்கேயும் வெள்ளை. எழுத்துருவைச் சந்தேகப்பட்டேன், கிராபிக்ஸ் டிரைவரைச் சந்தேகப்பட்டேன், இரண்டு நாள் போனது. பிறகு நாவலைப் பாதியாக வெட்டினேன்; முதல் பாதி வந்தது. சரி, இரண்டாம் பாதியில் ஏதோ கெட்ட எழுத்து இருக்கிறது என்று நினைத்து அதைத் தனியாகத் திறந்தேன். அதுவும் வந்தது! இரண்டையும் சேர்த்தால்தான் வெள்ளை. அப்படியானால் அளவுதான் காரணம். ஆனால் அச்சகத்தில் இருந்த 1 எம்பி ஆங்கிலக் கோப்பு எந்தத் தடையும் இல்லாமல் வருகிறது. நாவலோ 800 கேபிதான். இங்கேதான் தலை சுற்றியது.

விடை ஆவணத்திலேயே இருந்தது, நான்தான் முன்பே படிக்கவில்லை. பக்கத்தைக் காட்ட நான் ‘செட்ஹெச்டிஎம்எல்’ என்ற ஃபங்ஷனுக்குக் கொடுக்கும் உரையை வெப்எஞ்சின் ‘டேட்டா’ வகை யூஆர்எல்லாக, அதாவது உரை முழுவதையும் தன்னுள்ளேயே வைத்திருக்கும் முகவரியாக மாற்றி, அந்த முகவரிக்குப் போகிறது. குரோமியத்தில் ஒரு யூஆர்எல்லின் எல்லை 2 எம்பி. தாண்டினால் ‘லோட்ஃபினிஷ்டு’ சிக்னல் ‘தோல்வி’ என்று வரும், அவ்வளவுதான். நான் அந்த சிக்னலைக் கவனிக்கவே இல்லை.

தமிழ் மாட்டிக்கொள்வது இதற்கு அடுத்த படியில். எழுத்துகளைக் கணினி பைட்டுகளாக வைக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட். யூஆர்எல்லில் போகும்போது ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு பதினறும இலக்கமுமாக விரிகிறது. ஆக ஒரு குறிக்கு 9 இடம். ‘தமிழ்’ என்ற சொல்லில் புள்ளியையும் இகரக் குறியையும் சேர்த்து 5 குறிகள், 45 இடம். ஆங்கில எழுத்துகள் விரியாமல் அப்படியே போய்விடும். என் 800 கேபி நாவல் உள்ளே 2.4 எம்பி ஆகிவிட்டது. தமிழ்க் கோப்புக்கு உண்மையான எல்லை 700 கேபிக்கும் கொஞ்சம் குறைவு. தமிழ் உரையைக் காட்டும் மென்பொருள் எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கை முதல் நாளே போட்டுப் பார்த்துவிடுங்கள்.

தீர்வு எளிது. உரையைத் தற்காலிகக் கோப்பாக எழுதி, அதன் முகவரியைக் கொடுத்து லோடு செய்தேன். தலைப்பகுதியில் யூடிஎஃப்-8 என்று மெட்டா வரி கட்டாயம் வேண்டும். முன்பு அதை விட்ஜெட்டே சேர்த்துக்கொண்டிருந்தது. நான் மறந்ததால் முதல் தடவை நாவல் முழுக்கக் கிறுக்கலாக வந்தது.

மறுமொழி

அண்ணா, நான் சி ஷார்ப்பில் வெப்வியூ2 (மைக்ரோசாஃப்டின் பிரவுசர் விட்ஜெட்) பயன்படுத்துகிறேன். அதிலும் உரையை நேரடியாகக் கொடுக்கும் ‘நேவிகேட்டுஸ்ட்ரிங்’குக்கு 2 எம்பி எல்லை உண்டு. நாங்கள் ஒரு ஃபோல்டரைக் கற்பனையான ஹோஸ்ட் பெயரோடு இணைத்து, கோப்பை அங்கிருந்து எடுக்கிறோம். தற்காலிகக் கோப்புக்கு நேரடி முகவரி கொடுப்பதைவிட இது சுத்தமாக இருக்கிறது.

எனக்கு அடி விழுந்தது வேறு இடத்தில். வெப்வியூ2 குக்கீ, கேஷ் எல்லாம் வைக்கும் ஃபோல்டரை, நாம் எதுவும் சொல்லாவிட்டால், எக்ஸி கோப்பின் பக்கத்திலேயே உருவாக்கப் பார்க்கும். என் கணினியில் அது டெவலப்மெண்ட் ஃபோல்டர், எழுத அனுமதி இருந்தது. வாடிக்கையாளரிடம் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் நிறுவினோம். சாதாரணப் பயனருக்கு அங்கே எழுத முடியாது, விட்ஜெட் தொடங்கவே இல்லை. இப்போது ஒவ்வொரு பயனருக்கும் விண்டோஸ் வைத்திருக்கும் லோக்கல் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் ஓர் இடத்தை நாங்களே கொடுத்துவிடுகிறோம்.

பதிவிட்டவர்

நன்றி தம்பி. நீ சொன்ன ஹோஸ்ட் பெயர் வழிக்குப் பதிலாக க்யூட்டியில் சொந்த யூஆர்எல் ஸ்கீம் (‘ஹெச்டிடிபி’ இருக்கும் இடத்தில் நாமே வைக்கும் பெயர்) இருக்கிறது. 5.12 முதல் அதைப் பதிவு செய்ய வேண்டும், அதுவும் அப்ளிகேஷன் ஆப்ஜெக்ட் உருவாவதற்கு முன்னால். அடுத்த பதிப்பில் அப்படி மாற்றப் போகிறேன். ஐயா இப்போது அந்த நாவலின் மூன்றாம் மெய்ப்பில் இருக்கிறார்.