யூக்கா அந்துப்பூச்சி பத்தி ஒரு டவுட்

கேள்வி: அமெரிக்காவுல மொஹாவி பாலைவனத்து ஜோஷுவா மரத்துக்கு (அதுவும் ஒரு யூக்கா வகைதான்) ஒரு குட்டி அந்துப்பூச்சிதான் மகரந்தச் சேர்க்கை பண்ணுதாமே, அதே பூவுல முட்டையும் வைக்குதுன்னா புழு விதைய எல்லாம் தின்னுடாதா?

பதில்: கொஞ்சந்தாங்க தின்னும், மிச்சம் முளைக்கும். டெகெடிகுலாங்கற இந்த அந்துப்பூச்சியில பெண்ணுக்கு வாய்கிட்ட கை மாதிரி ரெண்டு உறுப்பு இருக்கு, அதால மகரந்தத்த உருண்டையா புடிச்சு தலைக்கு அடியில வச்சுக்கிட்டு வேற பூவுக்குப் போயி முட்டை வச்சுட்டு சூல்முடியில (பூவுல மகரந்தத்த வாங்குற நுனி) அதுவே தேய்ச்சு விடும், வேணும்னே பண்ற வேலை இது, எனக்கு தீராத பிரமிப்பு! முட்டை ரொம்ப ஜாஸ்தியானா சில யூக்கா செடிங்க பூவையே உதுத்துடும்.

பதில்: ஜோஷுவா மரம் வளர்ற பகுதியில மேற்கு பக்கம் ஒரு அந்துப்பூச்சி இனம், கிழக்கு பக்கம் வேற ஒரு இனம். கிழக்குப் பூச்சி இனத்துக்கு 2003லதான் தனிப் பேரே வச்சாங்க.

பதில்: புரோடாக்ஸஸையும் பாருங்க, சொந்தக்கார பூச்சிதான், ஆனா மகரந்தத்த தொடாது. அதுல ஒரு இனத்துப் புழு 30 வருஷம் தூங்கிட்டு அந்துப்பூச்சியா வெளிய வந்துருக்கு.