பிள்ளை பேசிவிடும், நமக்குத்தான் தமிழில் ஆள் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

போன வாரம் நம்மவர் ஒருவர் எனக்குத் தனி மடல் போட்டிருந்தார்: "தம்பி, பிள்ளை ரூமை விட்டு வெளியே வரமாட்டேங்குது. சிங்கப்பூர்ல யாரைப் பார்க்கிறது? குழுவுல போட்டுடாதே." கேட்டவரைச் சொல்லமாட்டேன். பதிலை மட்டும் எல்லாருக்கும் எழுதுகிறேன், இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே கேள்வியை யாரிடமும் கேட்காமல் வைத்திருந்தவன் நான்.

மகள் அப்போது உயர்நிலை நான்கு. ராத்திரி மூடி வைத்த தோசை காலையில் ஓரம் சுருண்டு அப்படியே இருக்கும். ஊருக்குப் போன் போட்டேன். அம்மா கோயிலில் மந்திரித்த கயிறு ஒன்றைக் கூரியரில் அனுப்பினார். மறுபேச்சில்லாமல் கையை நீட்டினாள். விபூதி வைக்கவே அரைமணி நேரம் வாதாடுகிற பெண். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பள்ளியின் ஆலோசகர் கூப்பிட்டபோது, என்ன வம்பு செய்தாளோ என்றுதான் போனோம். அவர் 'டிப்ரெஷன்' என்றார். மனைவி என்னைப் பார்க்க, நான் "மன அழுத்தமாம்" என்று மொழிபெயர்த்தேன். "எனக்கும்தான் இருக்கு, ரெண்டு வேலை பார்க்கிறேன்" என்றாள் அவள். மகள் தரையைப் பார்த்துக்கொண்டாள். வேலை டென்ஷனுக்கும் அந்தச் சொல்தான், இதற்கும் அதே சொல்தான். மனச்சோர்வு, இது ஒரு நோய், வைத்தியம் உண்டு என்று அன்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இங்கே வளர்ந்த பிள்ளைகள் ஆங்கிலத்தில் கொட்டிவிடுகிறார்கள். அதைத் தமிழில் எடுத்துச் சொல்ல ஆளில்லாமல் நிற்பது பெற்றவர்கள்தான்.

சரி, இடங்கள். பதினாறு வயதுக்குக் கீழே என்றால் பள்ளி ஆலோசகர்தான் முதல் வாசல். தேவைப்பட்டால் மனநலக் கழகத்தின் (இங்குள்ள மனநல மருத்துவமனை) 'ரீச்' என்ற பள்ளிப் பிள்ளைகளுக்கான குழுவோடு அவர்களே தொடர்புபடுத்துவார்கள். 16 முதல் 30 வயது வரை 'சாட்' என்ற இளையர் மனநலச் சேவை இருக்கிறது. 2009-இல் தொடங்கியது, முதல் மதிப்பீட்டுக்குக் காசில்லை. மனநலக் கழகம் என்றதும் நம் பெரியவர்கள் அதன் பழைய பெயரைச் சொல்லி "உட்பிரிட்ஜா?" என்று குரலைத் தாழ்த்துவார்கள். அந்தப் பெயரை மாற்றியே முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. நமக்குத் தமிழில் விளங்க வேண்டுமென்றால் சிண்டாவின் (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) குடும்ப சேவை நிலையத்தில் கேட்டுப் பாருங்கள், எனக்கு அங்கேதான் பாதி புரிந்தது. நள்ளிரவில் மனசு பதறினால் 1771, தேசிய மைண்ட்லைன் என்ற மனநல உதவி எண், 2025 ஜூனிலிருந்து 24 மணி நேரமும். உயிரை விட்டுவிடலாம் என்பதுபோல் பிள்ளை ஒரு வார்த்தை சொன்னாலும் 1767, தற்கொலைத் தடுப்பு உதவி எண். போலீஸ் கேஸ் ஆகுமோ என்று பயப்படாதீர்கள். தற்கொலை முயற்சி குற்றம் என்ற சட்டம் 2020 ஜனவரி 1 முதல் இங்கே இல்லை.

செலவு: குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மனச்சோர்வு சிகிச்சைக்கு மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்பைப் பயன்படுத்தலாம். வேலை பாஸ் மாதிரி அனுமதியில் இருப்பவர்கள் முழுக் கட்டணத்தையும் முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

அப்புறம் அந்தப் பெரிய கேள்வி, "நாளைக்கு வேலைக்குப் போகும்போது தெரிஞ்சுடுமே?" விண்ணப்பத்தில் மனநோய் உண்டா என்று முதலாளி கேட்பதே முறையில்லை என்று 2020-இல் வேலை நியமன வழிகாட்டியில் சேர்த்துவிட்டார்கள். கல்யாணப் பேச்சில் கேட்பார்கள்தான். அதற்கு என்னிடம் வழிகாட்டி இல்லை.

ஊரில் இருக்கும் நம் அண்ணன் அக்கா பிள்ளைகளுக்கு 14416, டெலி மானஸ் என்ற இந்திய அரசின் மனநல உதவி எண். தமிழிலேயே பேசலாம், காசில்லை. ஊர் வாட்ஸப் குழுவிலும் போட்டுவிடுங்கள்.

தலைவர் அண்ணனுக்கு ஒரு வேண்டுகோள். வருகிற ஒன்றுகூடலில் பொன்னாடை போர்த்துவதைக் கொஞ்சம் சுருக்கி (போன தடவை முக்கால் மணி நேரம், சாம்பார் ஆறிவிட்டது) தமிழ் பேசும் ஆலோசகர் ஒருவருக்கு அரைமணி நேரம் கொடுங்கள். பிள்ளைகளை வெளியே விளையாட விட்டுவிட்டு நாம் மட்டும் உட்காருவோம்.

தனியாகக் கேட்க நினைப்பவர்கள் கேளுங்கள், பெயர் என்னோடு நிற்கும். போன் என்றால் ராத்திரி ஒன்பதுக்கு மேல். பகலில் ஷிப்யார்டு சத்தத்தில் காதில் எதுவும் விழாது.