மாரன்ட்ஸ் 2270: முகப்புக்குப் பாலிஷ் போடலாமா?

செல்வம்_ஹைஃபை:
ஒரு பழைய வீட்டைக் காலி செய்தபோது மாரன்ட்ஸ் 2270 ரிசீவர் (ரேடியோவும் ஆம்ப்ளிஃபையரும் ஒன்றாகச் சேர்ந்த செட்) கிடைத்தது. 70களின் சரக்கு, சேனலுக்கு 70 வாட், பாட்டு அருமை. ஆனால் முகப்பெல்லாம் சிகரெட் புகை படிந்திருக்கிறது, மரப்பெட்டியின் மூலையில் வெனீர் (மேலே ஒட்டிய மெல்லிய மரத்தகடு) பெயர்ந்திருக்கிறது. பிராசோ மெட்டல் பாலிஷ் போட்டு முகப்பைப் பளபளப்பாக்கி, பெட்டியைத் தேய்த்து வார்னிஷ் அடிக்கப்போகிறேன். யாராவது செய்திருக்கிறீர்களா?

தினகர்:
பிராசோ வேண்டாம் சார். அது வெறும் அலுமினியம் இல்லை, மேலே அனோடைஸ் படலம் (மின்சாரம் செலுத்தி உண்டாக்கிய மெல்லிய ஆக்ஸைடு அடுக்கு) இருக்கிறது. அந்த இளம்பொன் நிறமே அந்தப் படலத்தில்தான். பிராசோவில் தேய்க்கும் துகள் உண்டு. தேய்த்த இடம் மட்டும் வெளுத்து நிற்கும். பேஸ், டிரெபிள் என்ற எழுத்தெல்லாம் மேலே அச்சிட்டதுதான், அதுவும் கூடவே போய்விடும். அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனரும் ஆகாது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் குமிழ்களைக் கழற்றுங்கள். பக்கவாட்டில் குட்டித் திருகு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு போட்டு ஊறவைத்து, வரிப்பள்ளங்களைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். முகப்புக்கு நன்றாகப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணி, உலோகத்தில் நுண்கோடு ஓடும் திசையிலேயே. துணியில் பழுப்பு ஏறும், அதுதான் நிக்கோடின். டயல் கண்ணாடியின் உள்பக்கத்தில் மட்டும் ஈரம் படவே கூடாது. பல பழைய ரிசீவர்களில் எண்கள் அந்தப் பக்கம்தான் இருக்கும், ஒரே துடைப்பில் வந்துவிடும்.

செல்வம்_ஹைஃபை:
ஐம்பது வருஷ அழுக்கைக் காப்பாற்ற இது மியூசியம் இல்லையே. கூடத்தில் வைக்கப்போகிறேன், பார்க்க நன்றாக இருக்க வேண்டும். எழுத்து போனால் ஸ்கிரீன் பிரிண்ட் போட்டுக்கொள்ளலாம்.

தினகர்:
அழுக்கை எடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. அழுக்கோடு படலத்தையும் எடுத்துவிடாதீர்கள் என்கிறேன். ஸ்கிரீன் பிரிண்ட் போட்ட முகப்பு எழுத்தின் தடிமனிலேயே காட்டிக்கொடுத்துவிடும். விற்கப் போனாலும் முதலில் கேட்பது அதைத்தான்.

மரவேலை_ரவி:
பெட்டி விஷயத்தில் நான் செல்வம் பக்கம். 2270க்கு மரப்பெட்டி தனியாக விற்ற துணைப்பொருள், தாராளமாகப் புதுப்பிக்கலாம். ஆனால் மெஷின் சாண்டர் வேண்டாம். வால்நட் வெனீர் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, கண் மூடித் திறப்பதற்குள் அடிப்பலகை தெரிந்துவிடும். பெயர்ந்த மூலையில் மர ஃபெவிகால் விட்டு, பாலித்தீன் தாள் வைத்து, ஒரு ராத்திரி கிளாம்பில் இறுக்குங்கள். அப்புறம் 320 நம்பர் உப்புத்தாளால் கையாலேயே, மர ரேகையோடு. பளபளக்கும் வார்னிஷைவிட எண்ணெய்ப் பூச்சுதான் அந்த மரத்துக்கு எடுப்பு.

செல்வம்_ஹைஃபை:
பெட்டிக்கு ரவி சொன்னபடியே செய்கிறேன். முகப்புக்கு முதலில் சோப்புத் தண்ணீர், சரி. வால்யூம் குமிழுக்குப் பக்கத்தில் ஆழமான கீறல் ஒன்று இருக்கிறதே, அதற்கு என்ன வழி?

தினகர்:
அனோடைஸில் விழுந்த கீறல் போகாது. பழுதான இன்னொரு 2270லிருந்து நல்ல முகப்பு கிடைத்தால் மாற்றலாம், இல்லையென்றால் அப்படியே விடுங்கள்.

செல்வம்_ஹைஃபை:
வேறொரு செட்டின் முகப்பை மாட்டினால் அசல், இதே முகப்பைப் புதுப்பித்தால் அசல் இல்லையா? இதை நான் ஏற்கமாட்டேன்.

தினகர்:
அதுவும் கம்பெனியிலிருந்து வந்த படலத்தோடுதான் இருக்கும் சார். எனக்கு அது போதும்.