விற்கிற ஓவியத்துல ஃப்ளோரசன்ட் இங்க் போடலாமா?

மைக்கூடு:
ஏ3 வாட்டர்கலர் பேப்பர். பழைய செய்தித்தாள் கொலாஜ், மேல அக்ரிலிக் இங்க் வாஷ் (தண்ணியா ஒரு பூச்சு), கடைசியா ஃப்ளோரசன்ட் பிங்க் கோடுகள். ஒருத்தர் விலைக்குக் கேக்கறார். "வெளுத்துடும், குடுக்காதே"ங்கறான் நண்பன். புற ஊதாக் கதிரைத் தடுக்கற யு.வி. வார்னிஷ் அடிச்சா போதாதா?

காவிக்கல்:
நண்பர் சொல்றதுதான் சரி. நல்ல அக்ரிலிக் இங்க்ல இருக்கறது பிக்மென்ட், அதாவது கரையாத நிறத்தூள். ஃப்ளோரசன்ட்ல இருக்கறது ரெசின் துகளுக்குள்ள கரைச்சு வச்ச சாயம். எந்த வெளிச்சம் அதைப் பளீர்னு காட்டுதோ அதே வெளிச்சம்தான் அதை அழிக்கவும் செய்யுது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்துல 1964-ல மாட்டின, அமெரிக்க ஓவியர் ரோத்கோவோட சுவரோவியங்களையே ஜன்னல் வெயில் வெளுக்க வச்சுது. 1979-ல கழட்டி உள்ள வச்சுட்டாங்க.

நியான்நிலா:
காவிக்கல் சார், ரோத்கோ போட்டது லித்தால் ரெட்ங்கற, சீக்கிரம் வெளுக்கற சிவப்பு பிக்மென்ட். அது ஃப்ளோரசன்டே இல்லை, இங்க எதுக்கு இழுக்கறீங்க? ஓவியர் ஃபிராங்க் ஸ்டெல்லாவோட 'ஹரான் II' 1967-ல ஃப்ளோரசன்ட் பெயின்ட்ல வரைஞ்சது, குக்கன்ஹைம் மியூசியம் சேகரிப்புல இருக்கு. இன்னொரு ஓவியர் பீட்டர் ஹாலி 1980-கள்ல இருந்தே டே-க்ளோங்கற ஃப்ளோரசன்ட் நிறங்கள்லதான் வேலை செய்யறார். வாங்கறவங்க வாங்கிட்டுத்தான் இருக்காங்க.

காவிக்கல்:
மியூசியத்துல வெளிச்சத்தை அளந்து விடுவாங்க. நம்மாளு ஹால்ல மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு எதிர்ல மாட்டுவார். வார்னிஷும் காப்பாத்தாது. யு.வி.யைத் தடுத்தா ஒளிர்வும் கொஞ்சம் குறையும், மிச்சமிருக்கற சாதாரண வெளிச்சமே சாயத்தைத் தின்னுடும்.

சித்திரக்காரி:
எல்லாரும் பிங்க்கையே பிடிச்சுத் தொங்கறீங்க. அடியில செய்தித்தாள் இருக்கே! அதுல மரத்துல இருந்து வர்ற லிக்னின்ங்கற பொருள் அதிகம், வெயில் பட்டா மஞ்சளாகும். அதுக்கு யாரும் வாய் திறக்கலையே?

காவிக்கல்:
தாள் பழுத்தா பழசாயிடுச்சுன்னு ஏத்துக்குவாங்க. கோடு காணாம போனா படமே காணாம போகுது. ரெண்டும் ஒண்ணு இல்லைம்மா.

சித்திரக்காரி:
அப்போ கோட்டைக் காப்பாத்துங்க. அடியில குவினாக்ரிடோன் மெஜந்தா (சுலபத்துல வெளுக்காத பிக்மென்ட்) இங்க்கைத் தண்ணியா கலந்து ஒரு கோடு. காய்ஞ்சதும் மேல ஃப்ளோரசன்ட். அக்ரிலிக் காய்ஞ்சா தண்ணிக்குக் கரையாது, அடுக்கு கலங்காது. பளீர் போனாலும் வரைஞ்ச கோடு நிக்கும்.

நியான்நிலா:
இதுல எனக்கு உடன்பாடில்லை. ஃப்ளோரசன்ட் பாதி ஊடுருவித் தெரியற நிறம், வெள்ளைத் தளத்து மேலதான் முழுசா எரியும். அடியில மெஜந்தா வந்தா அப்பவே மங்கிடும். பக்கத்துல ஓட்டுங்க, அடியில வேண்டாம். சுத்தி மங்கலான சாம்பல் வாஷ் குடுத்தீங்கன்னா பிங்க் இன்னும் துள்ளும். கறுப்போட மட்டும் கலந்துடாதீங்க, செத்துப் போயிடும்.

காவிக்கல்:
எதை எங்க வேணா ஓட்டுங்க. வாங்கறவர்கிட்ட சொல்லாம விக்கறதுதான் எனக்கு உறுத்துது.

மைக்கூடு:
சொல்லிட்டேன் சார். "ஜன்னல் பக்கம் மாட்டமாட்டேன், கண்ணாடி போட்டுக்கறேன்"ங்கறார். பின்பக்கத்துல எந்தெந்த இங்க்னு எழுதித்தான் குடுக்கப் போறேன். அந்த மெஜந்தாவை அடியில, பக்கத்துல ரெண்டு விதமாவும் துண்டுப் பேப்பர்ல போட்டு, பாதியை அலுமினியம் ஃபாயிலால மூடி மாடி ஜன்னல்ல ஒட்டியிருக்கேன். கோடை முடிஞ்சதும் படம் எடுத்துப் போடறேன்.

நியான்நிலா:
ஃபோன் கேமராவுல ஃப்ளோரசன்ட் சரியா விழாது. நேர்ல பார்த்து எழுதுங்க.