பேக்லைட்டைப் பின்பக்கமாகக் கழற்றி மாட்ட முடிந்தால் யாருக்கு என்ன நட்டம்?

திருப்புளி:
போன வாரம் ஒரு 43 அங்குல டிவியைத் திறந்தேன். சத்தம் வருகிறது, படம் இல்லை. திரையை ஒட்டி டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே படம் மங்கலாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஆக படம் காட்டும் பேனலும் சரி, மெயின் போர்டும் சரி; பின்னாலிருந்து அதற்கு ஒளி தரும் பேக்லைட் மட்டும் படுத்துவிட்டது. தேடிப் பிடித்தால், மூன்று பட்டைகளில் செத்தது ஒரே ஒரு எல்இடி. சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இருக்காது.

அதை மாற்ற நான் கழற்றியவை: பின்மூடி, ஓரச் சட்டம், பேனல் கண்ணாடி, நடுச் சட்டம், மூன்று ஷீட், ஒளியைப் பரப்பும் டிஃப்யூசர் தகடு, வெள்ளை ரிஃப்ளெக்டர். பேனலைத் தூக்கும்போது கீழ் விளிம்பில் தொங்குகிற, பேனலுக்குச் சிக்னல் கொண்டுபோகும் ஃபிலிம்களில் ஒன்று சட்டத்தின் கொக்கியில் மாட்டி இழுபட்டது. எல்லாவற்றையும் திரும்பப் பூட்டினேன். வெளிச்சம் வந்தது. கூடவே வலப்பக்கம் மேலிருந்து கீழ்வரை கோடு கோடாகவும் வந்தது. ஒரு எல்இடிக்காக ஒரு பேனலைக் கொன்ற பெருமை எனக்கு.

என் கட்சி இதுதான். பேக்லைட்டைச் சதுர மாட்யூல்களாகச் செய்யட்டும். பின்பக்க உலோகத் தட்டில் ஆளுக்கொரு சன்னல், நாலு திருகு, ஒரு கனெக்டர். கெட்டதை மட்டும் உருவி எடுத்து வேறு போடலாம், கண்ணாடியைத் தொடவே வேண்டாம். கம்பெனிகள் இதைச் செய்யாததற்குக் காசு மிச்சம் பிடிப்பதைத் தவிர வேறு காரணம் இருப்பதாக எனக்குப் படவில்லை.

ஒளிக்கணக்கு:
மிச்சம் பிடிப்பது ஒரு காரணம், மறுக்கவில்லை. முதல் காரணம் பார்ப்பவரின் கண். திரையின் நடுவிலிருந்து மூலைக்குப் போகப் போக வெளிச்சம் 20 சதவீதம் குறைந்தாலும் பெரும்பாலோர் கவனிக்க மாட்டார்கள், ஏனென்றால் அது சரிவு. அதே ஆளுக்கு முன்னால் இரண்டு சதுரங்களை ஒட்டி வைத்து நடுவே 2 சதவீத வித்தியாசம் கொடுத்துப் பாருங்கள். கோடு கிழித்த மாதிரி தெரியும். மாட்யூல் என்றாலே நாலு விளிம்பு. வெள்ளைப் பின்னணியில் ஒரு படம் ஓடினால் உங்கள் திரை ஓடு பதித்த தரை போல இருக்கும்.

அதை மறைக்க வேண்டுமானால் எல்இடிக்கும் டிஃப்யூசருக்கும் இடையே தூரத்தைக் கூட்டி ஒளியைக் கலக்க விட வேண்டும். தூரம் கூடினால் டிவி தடிக்கும்.

நிழல்விரும்பி:
தடிப்பது மட்டும் இல்லை. தூரம் கூடினால் லோக்கல் டிம்மிங், அதாவது படம் இருட்டாக இருக்கும் இடத்தில் மட்டும் பேக்லைட்டை மங்க வைப்பது, பாழ். ஐபிஎஸ் வகை எல்சிடி பேனலின் சொந்தக் கான்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம்) 1000:1 பக்கம்தான். இருட்டுக் காட்சியில் கறுப்பு கறுப்பாகத் தெரிவது, பின்னால் சோன் சோனாக, அதாவது பகுதி பகுதியாக, விளக்கை அணைப்பதால். ஒரு சோனின் ஒளி பக்கத்துச் சோனுக்குள் வழிந்தால் நிலாவைச் சுற்றிப் புகை வளையம். அதற்காகத்தானே மினி எல்இடியில் குட்டிக் குட்டி எல்இடிகளை நெருக்கமாக வைத்து டிஃப்யூசரையும் பக்கத்தில் கொண்டுவந்தார்கள்? நீங்கள் வந்த வழியே திரும்பிப் போகச் சொல்கிறீர்கள்.

திருப்புளி:
விளிம்பு, விளிம்பு என்று பயமுறுத்துகிறீர்களே, இப்போது உள்ள பட்டைகளுக்கு விளிம்பு இல்லையா? ஒவ்வொரு எல்இடி மேலும் குவிந்த தொப்பி மாதிரி ஒரு லென்ஸ் ஒட்டியிருக்கிறது. அது ஒளியை நேரே விடாமல் பக்கவாட்டில் தள்ளுகிறது. அந்த லென்ஸ் உதிர்ந்து விழுந்தால்தான் திரையில் வெள்ளைப் பொட்டு தெரியும். பக்கத்துப் பட்டையின் ஒளி என் பட்டைக்கு மேலே வருகிறது, என்னுடையது அங்கே போகிறது. எல்லை எப்போதோ கலைந்தாயிற்று.

அப்புறம், பெரிய மினி எல்இடி டிவிகளைத் திறந்து பாருங்கள். உள்ளே ஒரே பலகை கிடையாது. பல பலகைகளைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கித்தான் வைத்திருக்கிறார்கள். ஆலையில் மாட்யூல், ரிப்பேர் மேசைக்கு வந்ததும் மட்டும் பிரிக்க முடியாத கட்டியா?

குறுக்குக்கேள்வி:
இது பாயின்ட். ஒளிக்கணக்கு பதில் சொல்லட்டும்.

ஒளிக்கணக்கு:
சொல்கிறேன். ஆலையில் அடுக்கும் பலகைகள் எல்லாம் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். எல்இடிகளை நிறம், வெளிச்சம், வோல்டேஜ் பார்த்துப் பிரித்து, ஒரே தரப்பிரிவில் வந்தவற்றை ஒரு டிவிக்குள் போடுகிறார்கள். ஒரே நாளில் எரியத் தொடங்கி ஒன்றாகவே வயதாகின்றன. எல்லாம் சேர்ந்து 80 சதவீதத்துக்கு இறங்கினால் யாருக்கும் தெரியாது. ஐந்து வருடம் கழித்து நடுவில் ஒன்றை மட்டும் உருவி, புத்தம் புதியதைச் செருகுகிறீர்கள். நரைத்த தலையில் ஒரு பிடி மட்டும் சாயம் அடித்த கதைதான்.

திருப்புளி:
அதற்குத்தான் மாட்யூலுக்கு ஒரு டிரைவர், எல்இடிக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்த. புதியதை 80 சதவீதத்தில் ஓட்டினால் தீர்ந்தது. 2021-இல் வந்த 12.9 அங்குல ஐபேட் ப்ரோவில் 10,000-க்கு மேல் எல்இடி, 2,596 சோன். நாலு எல்இடிக்கு ஒரு சோன் என்று தனித்தனியாக ஆட்டுவிக்க முடிகிறபோது, ஒரு சதுரத்தின் வெளிச்சத்தைக் குறைத்து வைக்க முடியாதா? திரைக்கு முன் ஒரு கேமராவை நிறுத்தி, வெள்ளைப் படம் காட்டி, எங்கே எவ்வளவு என்று அளந்து மெமரியில் எழுதி வைத்தால் போதும்.

ஒளிக்கணக்கு:
வெளிச்சம் சரியாகும். நிறம்? வெள்ளை எல்இடி உண்மையில் நீல எல்இடி. மேலே மஞ்சள் பாஸ்பர் பூசியிருக்கிறது. பழசாகப் பழசாக அந்தப் பூச்சு வெந்து போய் நிறம் நீலமாகவோ ஊதாவாகவோ சாயும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து அந்தச் சாயலைத் திருத்த முடியாது. படத்தின் நிறத்தை அந்த இடத்தில் மட்டும் மாற்றி ஈடுகட்டலாம்தான், ஆனால் அதற்குப் பேனலின் வெளிச்சத்தைப் பலி கொடுக்க வேண்டும். எல்சிடி ஏற்கெனவே பெரிய ஊதாரி. பேக்லைட் விடுகிற ஒளியில் போலரைசரும் கலர் ஃபில்டரும் தின்றது போக 5 சதவீதம் அளவுக்குத்தான் வெளியே வருகிறது.

நிழல்விரும்பி:
ஒளிக்கணக்கு சார், இந்த இடத்தில் நான் கட்சி மாறுகிறேன். குவான்டம் டாட் ஷீட் போட்ட டிவியில் எல்இடிகள் வெறும் நீலம். நீலத்தைச் சிவப்பாகவும் பச்சையாகவும் மாற்றுவது மேலே திரை முழுக்க விரித்த ஒரே ஷீட். மாட்யூலை மாற்றினாலும் ஷீட் அதேதான். அப்படியென்றால் நிறம் வயதாவது எல்லா இடத்துக்கும் பொது. மாட்யூலுக்கு மாட்யூல் வேறுபடுவது வெளிச்சம் மட்டும், அதைத் திருப்புளி சொன்ன மாதிரி சரிக்கட்டலாம்.

ஒளிக்கணக்கு:
ஒப்புக்கொள்கிறேன். நீலத்தின் அலைநீளம் ஒரே பிரிவில் வர வேண்டும் என்ற நிபந்தனையோடு. ஷீட்டைத் தாண்டி மிச்சமாக வரும் நீலம்தான் திரையின் நீலம். சில நானோமீட்டர் நகர்ந்தாலும் சாம்பல் பின்னணியில் தெரியும். ஆனால் வெள்ளை எல்இடி போட்ட சாதாரண டிவிகளுக்கு என் ஆட்சேபம் அப்படியே நிற்கிறது. வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் வீட்டில் இருப்பது அதுதான்.

பழைய_சாலிடர்:
ரெண்டு பேரும் சண்டை போடுறதைப் பாத்துட்டு சும்மா இருக்கலாம்னுதான் நெனச்சேன். தம்பி திருப்புளி, நோய் எங்கன்னு பாக்காம ஆபரேஷனுக்குக் கத்தி தீட்டுற.

எல்இடி டேட்டாஷீட்டை எடுத்துப் பாரு. வெளிச்சம் 70 சதவீதத்துக்கு எறங்க 30,000 மணி நேரம், 50,000 மணி நேரம்னு போட்டிருக்கும். தினம் 8 மணி நேரம் பாத்தாலும் பத்து வருஷத்துக்குக் கொறையாது. அப்புறம் ஏன் மூணு நாலு வருஷத்துல என் மேசைக்கு வருது? கரண்டை ஏத்தி விட்டிருக்கான். எட்டு எல்இடி வேலையை ஆறு எல்இடி கிட்ட வாங்குறான். பட்டையை ரெட்டை டேப்புல ஒட்டியிருக்கான், சூடு எறங்க வழியில்ல. சூடாகி, ஆறி, சூடாகி, ஆறி, கடைசியில எங்கயாவது ஒரு எடத்துல இணைப்பு விட்டுரும்.

எல்லாம் ஒரே தொடர். எல்இடிக்கு 3 வோல்ட்டுன்னா 24 எல்இடிக்கு 72 வோல்ட். ஒண்ணு அறுந்தா டிரைவர் வோல்டேஜை ஏத்திப் பாக்கும், முடியலேன்னா பாதுகாப்பா நிறுத்திரும். படம் ஒரு விநாடி பளிச்சுன்னு வந்துட்டு இருட்டுறது அதனாலதான். கரண்டைக் கொறச்சு, நாலு எல்இடி கூடப் போட்டு, அலுமினியப் பட்டையைத் திருகு போட்டு இறுக்கினா உன் சன்னலுக்கு அவசியமே வராது. கழற்றுறதுக்கு வசதி பண்றதவிட கெடாம பண்றது மேல்.

திருப்புளி:
அண்ணே, கெடாத பொருள் என்று ஒன்று உண்டா? கார் டயரும் நல்ல டயர்தான், அதற்காக அச்சோடு சேர்த்து வெல்டிங் வைப்பதில்லையே.

பழைய_சாலிடர்:
டயர் வெளியில கெடக்கு, ஒத்துக்கறேன். உன் டயர் அஞ்சு ஷீட்டுக்குப் பின்னாடி கெடக்கு. பின்தட்டுல சன்னல் வெட்டுறேங்கிற. அந்தத் தட்டுதான் டிவியோட முதுகெலும்பு, அதுதான் சூடு ஏறுற எடமும். சப்ளை போர்டும் மெயின் போர்டும் அது மேலதான் உக்காந்திருக்கு, அதையெல்லாம் எங்க நகத்துவ? எல்லாத்தையும் விட, தூசி. டிஃப்யூசர்ல ஒரு பொடி விழுந்தா திரையில கறுப்புப் புள்ளி. ஷீட்டுக்கு நடுவுல ஊசி முனை அளவு பூச்சி புகுந்து செத்துப் போன மானிட்டர் எத்தனை பாத்திருக்கேன் தெரியுமா? அழுத்தித் துடைக்கப் போனா அங்கயே நசுங்கிரும். நீ சன்னலைத் தொறந்து வை, குடும்பத்தோட வரும்.

மாட்யூலுக்கு ஒரு கனெக்டர்னா 20 மாட்யூலுக்கு 20 கனெக்டர். சூட்டுல முதல்ல லூஸ் ஆகுறது எது? சாலிடரா, கனெக்டரா?

குறுக்குக்கேள்வி:
பூச்சி பாயின்டுக்கு எதிர்வாதம் இருக்கிறதா? 😄

திருப்புளி:
பூச்சிக்கு ரப்பர் கேஸ்கட். கனெக்டருக்குப் பதில் இல்லை, அது உண்மைதான். ஆனால் இப்படி ஒன்று முடியவே முடியாது என்பதை ஏற்க மாட்டேன். சிசிஎஃப்எல் குழாய் விளக்கு இருந்த காலத்தில் தொழிற்சாலை இயந்திரங்களில் வரும் எல்சிடி பேனல்கள் சிலவற்றைப் பார்த்திருப்பீர்கள். பக்கவாட்டில் ஒரு திருகைக் கழற்றினால் விளக்கு அதன் உறையோடு சேர்ந்து நழுவி வெளியே வரும். புதியதைச் செருகி வயரை மாட்டினால் வேலை முடிந்தது, பேனல் இருந்த இடத்திலேயே இருக்கும். அந்த ஏற்பாட்டைத்தான் எல்இடி வந்ததும் தொலைத்தோம்.

ஒளிக்கணக்கு:
அது நல்ல உதாரணம், ஆனால் ஓர விளக்குக்கு. ஓரத்தில் ஒரு விளக்கு, நடுவில் அக்ரிலிக் தகடு. தகட்டின் பின்புறம் அச்சிட்ட வெள்ளைப் புள்ளிகள் விளக்கிலிருந்து தள்ளிப் போகப் போகப் பெருத்து, ஒளியைச் சமமாக மேலே எறியும். விளக்கு ஒன்றே ஒன்று. பக்கத்துச் சதுரத்தோடு ஒப்பிடும் பேச்சே இல்லை. ஓரத்தில் மட்டும் எல்இடி இருக்கும் எட்ஜ் டிவிகளிலும் எல்இடி பட்டையைக் கீழிருந்து உருவும்படி செய்யலாம். தகடு சூட்டிலும் ஈரத்திலும் விரியும் என்பதால் இடைவெளி விட வேண்டும். பட்டை மயிரிழை விலகி உட்கார்ந்தாலும் ஒளி நழுவும். சிரமம்தான், ஆனால் செய்யக்கூடிய சிரமம். திரைக்கு நேர் பின்னால் எல்இடிகள் பரவியிருக்கும் நேரடி பேக்லைட்டுக்கு இதை நீட்டாதீர்கள் என்கிறேன்.

நிழல்விரும்பி:
செய்யக்கூடியது என்றால் ஏன் செய்யவில்லை என்பதற்கு ஒரு சேதி. டிவி, மானிட்டர்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் போட்ட 2019/2021 ஒழுங்குமுறையின்படி, 2021 மார்ச் முதல், மாடல் கடைசியாக விற்பனைக்கு வந்ததிலிருந்து 7 ஆண்டுகளுக்கு ரிப்பேர்காரர்களுக்கு உதிரிபாகம் கொடுத்தாக வேண்டும். பட்டியலில் உள் பவர் சப்ளை இருக்கிறது, கனெக்டர், கெப்பாசிட்டர், பேட்டரி இருக்கிறது. பேக்லைட் பட்டை இல்லை. சட்டம் எழுதியவர்களே அதைப் பேனலின் உடலாகத்தான் நினைத்திருக்கிறார்கள் போல.

திருப்புளி:
கெப்பாசிட்டர் இருக்கிறது, பேக்லைட் இல்லையா! எங்கள் மேசைக்கு வருவதில் எது அதிகம் என்று ஒருவரைக் கேட்டிருக்கலாம்.

பழைய_சாலிடர்:
சரி, கோவத்தை விட்டுட்டு இதைக் கேளு. உனக்குப் பேனல் எதனால போச்சு? எல்இடி உள்ள இருந்ததாலயா? இல்ல. கண்ணாடியைத் தனியா, வெறும் கையால, வளைச்சுத் தூக்கினதால. கண்ணாடியையும் நடுச் சட்டத்தையும், ஃபிலிம் போய்ச் சேர்ற அந்தக் குச்சி போர்டையும் ஒரே சட்டத்துல ஒண்ணாக் கட்டிட்டா? பின்னாடி இருந்து பன்னண்டு திருகு. கழட்டினா மேல் பாதி கதவு மாதிரி ஒரே துண்டா வந்துரும், ஃபிலிம் தொங்காது, கண்ணாடி வளையாது. கீழ் பாதி முழுக்க வெளிச்சம். நீ இருபதாப் பிரிக்கச் சொல்ற, நான் ரெண்டாப் பிரிச்சாப் போதும்ங்கிறேன்.

ஒளிக்கணக்கு:
இதற்கு என்னிடம் ஆட்சேபம் இல்லை. பட்டைகளை முழு செட்டாக மாற்றினால் வயது வித்தியாசமும் வராது. விலை ஒன்றுதான்: அந்தச் சட்டம் கண்ணாடியைத் தாங்க வேண்டும், ஓரம் சில மில்லிமீட்டர் அகலமாகும்.

நிழல்விரும்பி:
ஓரம் அகலமான டிவியைக் கடையில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

திருப்புளி:
நான் பார்ப்பேன். ஒரு எல்இடிக்காக முழு செட்டையும் மாற்றச் சொல்வது இன்னும் உறுத்துகிறது, ஆனால் கண்ணாடி பிழைக்கிறது என்றால் இருபதை விட்டு இரண்டுக்கு வருகிறேன். மினி எல்இடிக்கு மட்டும் சதுரங்களை விட மாட்டேன். அங்கே ஆயிரக்கணக்கில் இருப்பதை முழுதாகத் தூக்கிப் போடுவது அநியாயம்.

பழைய_சாலிடர்:
அதை அப்புறம் சண்டை போடலாம். அந்த 43 அங்குலத்துல புது பட்டை போட்டியே, கரண்டைக் கொறச்சியா? சப்ளை போர்டுல எல்இடி டிரைவர் ஐசி பக்கத்துல மூணு நாலு சின்ன ரெசிஸ்டர் ஒட்டி ஒட்டி இருக்கும், எல்லாம் பேரலல். ஒண்ணைத் தூக்கிடு. கொஞ்சம் மங்கும், கண்ணுக்குப் பெருசாத் தெரியாது.

திருப்புளி:
குறைக்கவில்லை, அண்ணே. கோடு விழுந்த சோகத்தில் மறந்துவிட்டேன். இன்றைக்கு ராத்திரி திரும்பத் திறக்கிறேன், பின்மூடி மட்டும்தானே?

பழைய_சாலிடர்:
பின்மூடி மட்டும்தான். கண்ணாடிப் பக்கம் கையைக் கொண்டு போகாதே.